புதிதாக ஓட்டுபவருக்கு ஏற்ற கார் எது?

முதல் காரை வாங்குகிறவருக்கு ஓட்டத் தெரிந்திருப்பது கொஞ்சம்தான். எல்.எல்.ஆர். எடுத்து 30 நாட்கள் கழிந்ததும் ஓட்டுநர் உரிமத் தேர்வுக்குப் போகலாம். அந்த இடைவெளியில் டிரைவிங் ஸ்கூல் காரில், சொல்லிக்கொடுப்பவரின் காலடியிலும் ஒரு பிரேக் இருக்க, அதிகாலையில் கூட்டமில்லாத சாலையில் ஓட்டிப் பழகியதே பெரும்பாலானோரின் முழு அனுபவம். இடப்பக்கச் சக்கரம் எங்கே போகிறது, பின்னால் வரும் பைக் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, மேம்பால ஏற்றத்தில் நின்றுவிட்ட வண்டியைப் பின்னால் உருளவிடாமல் எப்படி எடுப்பது என்பதெல்லாம் கைகால்களுக்குப் பழக ஓராண்டாவது ஆகும். அந்த ஓராண்டின் தவறுகளைத் தாங்கக்கூடியதாகவும், ஓட்டுபவரையும் எதிரே வருபவரையும் காப்பாற்றக்கூடியதாகவும் முதல் கார் இருக்க வேண்டும். மற்றத் தகுதிகள் அதற்குப் பிறகுதான்.

கார் வாங்கும் வீட்டில் பேச்சு இந்த வரிசையில் நடப்பதில்லை. முதலில் விலை, அடுத்து மைலேஜ், அதற்கடுத்து சன்ரூஃப், பெரிய திரை. ‘வாங்குறதுதான் வாங்குற, பெருசா வாங்கிடு’ என்று சொந்தக்காரர் ஒருவர் எடுத்துக்கொடுப்பார். பாதுகாப்பு பற்றிய கேள்வி கடைசியில் வரும், அல்லது வராமலே போகும். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022-ல் தமிழ்நாட்டில் 64,105 சாலை விபத்துகள் நடந்தன. நாட்டிலேயே இதுதான் மிக அதிகம். 17,884 பேர் இறந்தார்கள். புதிதாக ஸ்டீயரிங் பிடிப்பவர் இறங்குவது இந்தச் சாலைகளில்தான்.

தெருவின் அகலம்

எந்த கார் என்று பார்க்கப் புறப்படும் முன், வீட்டிலிருந்து ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்குவது நல்லது. நம் ஊர்களில் 12 அடித் தெருக்கள் ஏராளம். 12 அடி என்பது சுமார் 3.65 மீட்டர். அதில் ஒரு ஓரத்தில் பைக்குகளைச் சுவரோடு ஒட்டி வரிசையாக நிறுத்தியிருந்தால் முக்கால் மீட்டர் போய்விடும். மிஞ்சுவது 2.9 மீட்டர். மாருதி ஸ்விஃப்ட்டின் உடல் அகலம் 1,735 மில்லிமீட்டர்; பக்கக் கண்ணாடிகளை விரித்தால் இன்னும் கூடும். ஆக, இருபுறமும் அரை மீட்டருக்கும் குறைவான இடத்தில் வண்டியை நேராக நடத்திச் செல்ல வேண்டும். ஆல்டோ கே10-ன் அகலம் 1,490 மில்லிமீட்டர். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பக்கத்துக்கு ஒரு சாண்கூட இல்லை. பழகியவருக்கு அது பொருட்டே அல்ல. புதியவருக்கோ, கதவில் கோடு விழுவதற்கும் விழாமல் தப்பிப்பதற்கும் உள்ள தூரம் அது.

அகலத்தைப் போலவே திரும்பும் ஆரமும் முக்கியம். ஆல்டோ கே10-க்கு இது 4.5 மீட்டர், வேகன் ஆருக்கு 4.7 மீட்டர். அப்படியிருந்தும் 20 அடித் தெருவில் இவற்றை ஒரே வளைவில் திருப்பிவிட முடியாது. முன்னே போய், பின்னே வந்து, மறுபடி முன்னே போய்த்தான் திருப்ப வேண்டும். நீளமான வண்டியென்றால் அதே தெருவில் இது ஐந்தாறு தடவையாகும். பின்னால் ஒரு ஆட்டோக்காரர் ஹாரனை அழுத்திக்கொண்டு நிற்க, பதற்றத்தில் கிளட்ச்சை விட்டு வண்டியை அணைப்பவர்கள் பெரும்பாலும் இப்படித் திருப்பும்போதுதான் அணைக்கிறார்கள்.

வீட்டு கேட்டின் அகலத்தையும், தெருவிலிருந்து வாசலுக்கு ஏறும் சரிவையும் அளந்துகொள்ள வேண்டும். சாலையை மேலே மேலே போட்டு உயர்த்திய தெருக்களில் வீடு பள்ளத்தில் இருக்கும்; அந்தச் சரிவில் தாழ்வான செடான் காரின் முன்பம்பர் தினமும் தட்டும். இப்போது வரும் ஹேட்ச்பேக் கார்களில் தரைக்கும் வண்டியின் அடிப்பகுதிக்கும் இடையே 160 முதல் 180 மில்லிமீட்டர் வரை இடைவெளி இருக்கிறது. நம் ஊர் வேகத்தடைகளுக்கு இது போதும்.

‘உயரமான வண்டி என்றால் ரோடு நன்றாகத் தெரியும்’ என்பது முதல் காராகவே எஸ்.யு.வி. வாங்குவோர் சொல்லும் காரணம். தூரத்துச் சாலை நன்றாகத் தெரியும் என்பது உண்மைதான். ஆனால், உயர்ந்த பானட்டுக்கு நேர் கீழே நிற்கும் குழந்தை தெரியாது. இடப்பக்கம் ஒட்டி வரும் சைக்கிள் தெரியாது. பின்கண்ணாடி சிறியதாக இருந்தால் ரிவர்ஸ் எடுக்கும்போது கேமராவை மட்டுமே நம்ப வேண்டியிருக்கும். எடையும் அகலமும் கூடிய அந்த வண்டியைப் பழகாத கைகள் நெரிசலான தெருவுக்குள் கொண்டுபோகும்போது, தவறு நேர்ந்தால் அடிபடுவது வெளியே இருப்பவர். முதல் காருக்கு நான்கு மீட்டருக்கு உட்பட்ட ஹேட்ச்பேக்தான் சரி என்பதற்கு இந்த ஒரு காரணமே போதும்.

எந்த மாடலாக இருந்தாலும், வாங்கும் முன் ஓட்டப்போகிறவரே அதில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். அப்பா உட்கார்ந்து பார்த்து மகளுக்கு வாங்குவதில் பயனில்லை. முதுகு சீட்டிலிருந்து எழாமல் கிளட்ச் பெடலை அடிவரை மிதிக்க முடிகிறதா, அப்போது முழங்கால் சற்றே மடங்கியிருக்கிறதா, கையை நீட்டினால் மணிக்கட்டு ஸ்டீயரிங்கின் மேல்விளிம்பில் படிகிறதா என்று பார்க்க வேண்டும். உயரம் குறைந்தவர்களுக்கு சீட்டை மேலே ஏற்றும் வசதி மிக அவசியம். பல மாடல்களில் அடிப்படை ரகத்தில் அது கிடைக்காது. தலையணையைப் போட்டு உட்காருவது மாற்றாகாது. பிரேக்கை ஓங்கி மிதிக்கும்போது அது நழுவும். கூரையைத் தாங்கும் முன்தூணையும் கவனிக்க வேண்டும். அது தடிமனாக இருந்தால், முச்சந்தியில் திரும்பும்போது ஒரு பைக் முழுவதுமாக அதன் பின்னால் மறைந்துவிடும். தமிழ்நாட்டில் சாலையில் இறப்பவர்களில் இருசக்கர வாகனத்தில் போகிறவர்களே அதிகம் என்பதால், இதைப் பார்க்காமல் விடுவது சரியல்ல.

கியரா, ஆட்டோமேட்டிக்கா

ஆட்டோமேட்டிக் கார் சோம்பேறிகளுக்கு என்ற எண்ணம் இன்னும் போகவில்லை. நகரத்து நெரிசலில் ஒரு மணி நேரம் ஓட்டுகிறவர் நூற்றுக்கணக்கான முறை கிளட்ச்சை மிதிக்கிறார். புதியவருக்கு அந்த வேலையே கவனத்தில் பாதியைத் தின்றுவிடும். அந்தச் சுமை இறங்கினால் கண் சாலையில் இருக்கும். வேலைக்கும் பள்ளிக்கும் மட்டும் நகரத்துக்குள் ஓட்டப்போகிறவர் ஆட்டோமேட்டிக் எடுப்பதில் தவறே இல்லை.

ஆனால் எல்லா ஆட்டோமேட்டிக்கும் ஒன்றல்ல. விலை குறைந்த கார்களில் வருவது ஏ.எம்.டி. இந்தியாவில் 2014-ல் மாருதி செலேரியோ மூலம் பரவலான இது, சாதாரண கியர்பாக்ஸ்தான். கிளட்ச்சை மிதிப்பதையும் கியர் மாற்றுவதையும் மனிதருக்குப் பதிலாக ஒரு சிறு இயந்திரம் செய்கிறது. அதனால் விலையும் பராமரிப்பும் குறைவு, மைலேஜும் கியர் வண்டிக்குச் சமமாக வரும். கியர் மாறும்போது ஒரு கணம் வண்டி தயங்கும். முந்திச் செல்லும்போது இந்தத் தயக்கத்தைக் கணக்கில் கொள்ள வேண்டும். ஏற்றத்தில் பிரேக்கை விட்டால் பின்னால் உருளவும் கூடும் என்பதால், ஹில்ஹோல்டு வசதி உள்ளதா என்று கேட்டு வாங்க வேண்டும். சி.வி.டி., டார்க் கன்வெர்ட்டர் வகைகள் இன்னும் வழுவழுப்பாக ஓடும், விலை கூடுதல். இரட்டைக் கிளட்ச் உள்ள டி.சி.டி. வேகமானது, நின்று நின்று நகரும் நெரிசலில் சூடேறக்கூடியது என்பதால் முதல் காருக்கு அது தேவையில்லை.

ஆட்டோமேட்டிக்கில் உள்ள ஆபத்து ஒன்றே ஒன்று. பார்க்கிங்கில் மெதுவாக நுழையும்போது பிரேக் என்று நினைத்து ஆக்சிலரேட்டரை மிதித்துவிடுவது. கியர் வண்டியில் இப்படிப் பதறினால் பெரும்பாலும் கிளட்ச்சும் சேர்ந்து அமுங்கும், இன்ஜின் உறுமுவதோடு போகும். ஆட்டோமேட்டிக்கில் வண்டி நேராகச் சுவருக்குப் போகும். இரண்டு பெடலுக்கும் வலது கால் ஒன்றுதான், இடது கால் எப்போதும் ஓய்வில் என்பதை முதல் நாளிலிருந்தே பழக்கமாக்கினால் இதைத் தவிர்க்கலாம். கியர் வண்டி எடுப்பவருக்கு வேறொரு லாபம் உண்டு. 40 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட வால்பாறைச் சாலையிலோ 70 வளைவுகள் கொண்ட கொல்லிமலைச் சாலையிலோ இறங்கும்போது, இரண்டாம் கியரில் இன்ஜினாலேயே வேகத்தைக் கட்டுப்படுத்தி பிரேக்கைச் சூடேறாமல் காக்க அவருக்கு வெகு சீக்கிரம் பழகிவிடும். பட்ஜெட் இறுக்கமாக இருந்து, ஆட்டோமேட்டிக்கா கூடுதல் பாதுகாப்பு அம்சங்களா என்ற நிலை வந்தால், பாதுகாப்பைத்தான் எடுக்க வேண்டும்.

எந்த ஆண்டு தயாரான கார்

2014 ஜனவரியில் குளோபல் என்கேப் என்ற அமைப்பு, இந்தியாவில் பரவலாக விற்ற ஐந்து சிறிய கார்களை மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் மோதவிட்டுச் சோதித்தது. ஆல்டோ 800, டாடா நானோ, ஃபோர்டு ஃபிகோ, ஹூண்டாய் ஐ10, ஃபோக்ஸ்வேகன் போலோ ஆகிய ஐந்தின் அடிப்படை ரகங்களும் பெரியவர்களுக்கான பாதுகாப்பில் பூஜ்யம் நட்சத்திரம் வாங்கின. அவற்றில் போலோவை மட்டும் இரண்டு ஏர்பேக் பொருத்திய ரகத்தில் சோதித்தபோது நான்கு நட்சத்திரம் கிடைத்தது. ஷோரூமில் ‘பேஸ் மாடல் போதும்’ என்று சொல்லி மிச்சம் பிடிக்கப்பட்ட பணம் எதிலிருந்து எடுக்கப்பட்டது என்பதை அந்தச் சோதனை வெளிச்சம் போட்டுக் காட்டியது.

அதன் பிறகு சட்டம் படிப்படியாக மாறியது. மோதல் சோதனையில் தேறுவது 2017 அக்டோபர் முதல் புதிய மாடல்களுக்கும், 2019 அக்டோபர் முதல் எல்லா கார்களுக்கும் கட்டாயமானது. 2019 ஏப்ரலில் ஏ.பி.எஸ். பிரேக் கட்டாயம். அதே ஆண்டு ஜூலை முதல் ஓட்டுநருக்கான ஏர்பேக், சீட்பெல்ட் நினைவூட்டி, வேக எச்சரிக்கை, பின்புற பார்க்கிங் சென்சார் ஆகியவை கட்டாயம். முன்சீட்டில் பக்கத்தில் உட்காருபவருக்கும் ஏர்பேக் என்பது 2021 முடிவில் எல்லா மாடல்களுக்கும் பொருந்தியது.

இந்தத் தேதிகள் புதிய கார் வாங்குபவரைவிடப் பழைய கார் வாங்குபவருக்கே அதிகம் பயன்படும். இரண்டரை லட்சத்தில் 2013-ம் ஆண்டு கார் ஒன்று பளபளவென்று நிற்கும்; அதே விலைக்குச் சற்று மேலே 2020-ம் ஆண்டு சிறிய கார் ஒன்று சாதாரணமாக நிற்கும். முதலாவது அளவில் பெரியதாக, ஏசி, மியூசிக் சிஸ்டம் என்று கவர்ச்சியாக இருக்கலாம். ஆனால் அதன் அடிப்படை ரகத்தில் ஏ.பி.எஸ்., ஏர்பேக் இரண்டுமே இல்லாமல் இருக்க வாய்ப்பு அதிகம். புதிதாக ஓட்டுபவர் 2019 ஜூலைக்குப் பிறகு தயாரானதை எடுப்பதே நல்லது. 2022-ஐச் சேர்ந்தது கிடைத்தால் இன்னும் நல்லது. பதிவு ஆண்டை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது. தயாரித்த மாதமும் ஆண்டும் ஆர்.சி.யில் தனியாகக் குறிப்பிடப்பட்டிருக்கும்.

ஏ.பி.எஸ். ஏன் புதியவருக்கு இவ்வளவு முக்கியம்? நாய் ஒன்று குறுக்கே ஓடினால் அனுபவம் இல்லாதவர் பிரேக்கைக் கால் வலிக்க மிதிப்பார். ஏ.பி.எஸ். இல்லாத காரில் சக்கரங்கள் சுழலாமல் பூட்டிக்கொள்ளும். பூட்டிய சக்கரம் திரும்பாது. ஸ்டீயரிங்கை எந்தப் பக்கம் ஒடித்தாலும் வண்டி நேராக வழுக்கிக்கொண்டுதான் போகும். ஏ.பி.எஸ். சக்கரத்தைப் பூட்டவிடாமல் விட்டுவிட்டுப் பிடிப்பதால், பிரேக் மிதித்தபடியே விலகிப் போக முடியும். அப்போது காலுக்குக் கீழே பெடல் படபடவென்று அதிரும். ஏதோ கெட்டுவிட்டது என்று பயந்து காலை எடுத்துவிடுபவர்கள் உண்டு. எடுக்கக் கூடாது, அந்த அதிர்வுதான் அது வேலை செய்வதற்கு அடையாளம். வாங்கிய முதல் வாரத்தில் காலி மைதானத்தில் ஒருமுறை வேண்டுமென்றே ஓங்கி மிதித்து அந்த உணர்வைப் பழகிக்கொள்வது உயிர் காக்கும் பயிற்சி. வண்டி நிலைதடுமாறாமல் காக்கும் இ.எஸ்.சி.யும் இருந்தால், வேறெந்த ஆடம்பரத்தையும் விட்டுக்கொடுத்து அந்த ரகத்தை வாங்கலாம்.

2023 அக்டோபர் முதல் பாரத் என்கேப் என்ற நம் நாட்டுச் சோதனை நடைமுறையில் இருக்கிறது. இது கட்டாயமல்ல; நிறுவனங்கள் விரும்பிக் கொடுத்தால்தான் சோதனை. பெரியவர்களுக்கு 32, குழந்தைகளுக்கு 49 என மதிப்பெண்கள் தனித்தனியே தரப்படுகின்றன. வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் இரண்டாவது எண்ணைப் பார்க்க வேண்டும். குழந்தை இருக்கையைக் கெட்டியாகப் பொருத்தும் ஐசோஃபிக்ஸ் கொக்கிகள் இருக்கின்றனவா என்றும் பின்சீட்டின் இடுக்கில் கைவிட்டுப் பார்க்க வேண்டும். எத்தனை நட்சத்திரம் இருந்தாலும் பெல்ட் போடாதவருக்கு அது உதவாது. 2022-ல் சீட்பெல்ட் போடாமல் இந்தியாவில் இறந்தவர்கள் 16,715 பேர். அதில் கிட்டத்தட்டப் பாதி பேர் உடன் பயணித்தவர்கள். அதே ஆண்டு செப்டம்பரில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி மகாராஷ்டிரத்தின் பால்கர் அருகே இறந்தது விலையுயர்ந்த சொகுசு காரில். பின்சீட்டில் பெல்ட் போடாமல் இருந்தார்.

புதிதா, பழையதா

புதிய காரின் விலை ஷோரூமை விட்டு வெளியே வந்ததுமே இறங்கத் தொடங்குகிறது. காப்பீட்டுக்காக மதிப்பைக் கணக்கிடும் முறைப்படி, ஓராண்டு தாண்டியதும் 20 சதவீதம், மூன்றாண்டு தாண்டியதும் 40 சதவீதம் கழிக்கப்படுகிறது. சந்தையில் நன்றாக விற்கும் மாடல்கள் இதைவிடக் குறைவாகவே இறங்கும். ஆனாலும், முதல் ஆண்டில் நான்கு பக்கமும் கீறல் வாங்கப்போகும் வண்டிக்கு இந்த இழப்பைக் கொடுக்க வேண்டுமா என்று யோசிப்பதில் நியாயம் இருக்கிறது. மூன்று முதல் ஐந்து ஆண்டு ஓடிய, தேவையான பாதுகாப்பு அம்சங்கள் கொண்ட சிறிய காரே பெரும்பாலானோருக்குப் பொருத்தம். 2025 செப்டம்பர் 22 முதல் நான்கு மீட்டருக்கு உட்பட்ட சிறிய பெட்ரோல் கார்களுக்கான ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்து, மேல்வரியும் நீங்கியது. அதனால் பழைய காருக்கும் புதிய காருக்கும் இடையே விலை வித்தியாசம் மிகக் குறைவாக இருந்தால் புதியதையே எடுக்கலாம். எக்ஸ்ஷோரூம் விலையோடு சாலை வரியையும் கூட்டிப் பார்க்க வேண்டும். 2023 நவம்பரில் மாற்றியமைக்கப்பட்டபடி தமிழ்நாட்டில் 5 லட்சம் வரையிலான காருக்கு 12 சதவீதம், 10 லட்சம் வரை 13 சதவீதம். 10 லட்சத்தைத் தாண்டினால் 18 சதவீதத்துக்கு எகிறுகிறது.

பழைய காரைப் பகலில், வெயிலில், இன்ஜின் ஆறியிருக்கும்போது பார்க்க வேண்டும். விற்பவர் முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லலாம். ‘சிங்கிள் ஓனர், டாக்டர் ஓட்டின வண்டி’ என்ற சான்றிதழைவிட வண்டியே சொல்லும் சாட்சியங்கள் நம்பகமானவை. மீட்டரில் 30,000 கிலோமீட்டர் என்றிருந்து, பிரேக் பெடலின் ரப்பர் வழுவழுவென்று தேய்ந்திருந்தால், ஸ்டீயரிங் உறை பளபளத்திருந்தால் மீட்டரில் கைவைத்திருக்கிறார்கள் என்று பொருள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019-ன் 23-வது வாரம் தயாரானது. கார் 2020, ஒரு டயர் மட்டும் 2023 என்றால் ஏன் மாற்றினார்கள் என்று கேட்கலாம். கதவுக்கும் பக்கவாட்டுத் தகடுக்கும் இடையிலுள்ள இடைவெளி இருபுறமும் ஒன்றுபோல இல்லாவிட்டாலும், பானட்டின் போல்ட் தலையில் பெயின்ட் உரிந்திருந்தாலும் பெரிய டிங்கரிங் வேலை நடந்திருக்கிறது.

தமிழ்நாட்டில் ஒரு சோதனையை எந்த நிலையிலும் விடக் கூடாது: வெள்ளத்தில் நின்ற வண்டியா என்பது. 2015 டிசம்பரில் சென்னையிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையிலும், அதே மாதத்தில் தூத்துக்குடி, திருநெல்வேலிப் பகுதிகளிலும் ஏராளமான கார்கள் தண்ணீரில் மூழ்கின. துடைத்து, சீட் உறை மாற்றி, வாசனைத் திரவியம் தெளித்து வேறு ஊர்களில் விற்கப்படும் வண்டிகளை வெளித்தோற்றத்தில் கண்டுபிடிக்க முடியாது. சீட்பெல்ட்டை அடிவரை முழுவதுமாக இழுத்துப் பார்க்க வேண்டும். கழுவியவர்கள் பெரும்பாலும் மறந்துவிடும் அந்தக் கடைசி ஒரு முழத்தில் சேற்றின் கோடு படிந்திருக்கும். சீட்டுக்குக் கீழே தண்டவாளத்தில் துரு, ஸ்டெப்னி வைக்கும் பள்ளத்தில் வண்டல், ஏசி போட்ட முதல் நிமிடத்தில் வரும் பூஞ்சை நெடி ஆகியவையும் காட்டிக்கொடுக்கும். இந்த வண்டிகளில் இன்ஜினைவிட மின்சார இணைப்புகள்தான் பிரச்சினை. ஆறு மாதம் கழித்து ஏர்பேக் விளக்கு எரியும். மோதும்போது ஏர்பேக் விரியுமா என்று யாராலும் சொல்ல முடியாது. எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

இன்னொரு மலிவும் உண்டு. ஷெவர்லே 2017 முடிவோடு இந்தியாவில் விற்பனையை நிறுத்திக்கொண்டது. ஃபோர்டு 2021-ல் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்து மறைமலைநகர் ஆலையை மூடியது. இவர்களுடைய கார்கள் உடல்கட்டிலும் ஓட்டத்திலும் நல்ல பெயர் வாங்கியவை, விலையும் குறைவாகவே கிடைக்கும். நல்ல மெக்கானிக்கைத் தெரிந்துவைத்திருக்கும் அனுபவசாலிக்கு இவை லாபம். ஆண்டுக்கு இரண்டு முறை பம்பரும் கண்ணாடியும் மாற்ற நேரக்கூடிய புதியவருக்கு, ஊரிலேயே உதிரிபாகம் கிடைக்கும் மாடல்தான் வசதி.

காகிதங்கள்

விலை பேசி முடித்த பிறகு அவசரம் வந்துவிடும், முன்பணத்தைக் கொடுத்துச் சாவியை வாங்கிவிடத் தோன்றும். அதற்கு முன் வாகன எண்ணை எம்பரிவாஹன் செயலியில் போட்டு உரிமையாளர் பெயர், காப்பீடு முடியும் தேதி, வங்கிக் கடன் பாக்கி, கட்டாத அபராதம் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆர்.சி.யில் வங்கியின் பெயர் இருந்தால், கடன் தீர்ந்ததற்கான வங்கியின் தடையின்மைச் சான்றும் படிவம் 35-ம் இல்லாமல் பெயர் மாற்ற முடியாது. பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. வெளிமாநில வண்டி என்றால் படிவம் 28 வழியாகத் தடையின்மைச் சான்று. அதோடு இங்கே மறுபடி சாலை வரியும் கட்ட வேண்டிவரும் என்பதால், பெங்களூரில் மலிவாகத் தெரியும் கார் சென்னைக்கு வந்து சேரும்போது மலிவாக இருக்காது.

கீறலுக்கும் சிறு மோதலுக்கும் தயாராக வேண்டியவருக்குக் காப்பீட்டில் கவனம் தேவை. மூன்றாம் நபர் காப்பீடு சட்டப்படி கட்டாயம். 2022 ஜூனில் நடைமுறைக்கு வந்த கட்டணப்படி 1,000 சி.சி. வரையிலான காருக்கு ஆண்டுக்கு 2,094 ரூபாய், 1,500 சி.சி. வரை 3,416 ரூபாய், அதற்கு மேல் 7,897 ரூபாய். சிறிய இன்ஜின் வாங்குவதில் இதுவும் ஒரு மிச்சம். ஆனால் மூன்றாம் நபர் காப்பீடு சொந்த வண்டியின் சேதத்துக்கு ஒரு ரூபாயும் தராது. ஃபுல் இன்சூரன்ஸ் எடுத்தாலும் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களின் விலையில் 50 சதவீதம் தேய்மானமாகக் கழிக்கப்படும். புதியவர் முதலில் உடைப்பது பம்பரைத்தான், பம்பர் பிளாஸ்டிக்தான். அதனால் முதல் இரண்டு ஆண்டுகளுக்காவது ஜீரோ டெப்ரிசியேஷன் சேர்த்துக்கொள்வது பணம் வீணாவதல்ல. மழைநீர் தேங்கும் பகுதியில் வசிப்பவர்கள் இன்ஜின் பாதுகாப்பையும் கேட்டுச் சேர்க்க வேண்டும். தண்ணீரில் அணைந்த வண்டியை மறுபடி ஸ்டார்ட் செய்து இன்ஜின் உடைந்தால் சாதாரண பாலிசியில் அதற்கு இழப்பீடு கிடைக்காது.

கடனில் வாங்குபவர்கள் மாதத் தவணையை மட்டும் பார்க்கிறார்கள். 6 லட்சம் ரூபாயை 9 சதவீத வட்டியில் ஐந்தாண்டுக்கு எடுத்தால் மாதம் சுமார் 12,455 ரூபாய். ஏழாண்டுக்கு எடுத்தால் சுமார் 9,650 ரூபாய். இரண்டாவது இலகுவாகத் தெரியும். மொத்த வட்டியோ முதலாவதில் சுமார் 1.47 லட்சம், இரண்டாவதில் சுமார் 2.11 லட்சம். முதல் காரைப் பலரும் ஏழாண்டு வைத்திருப்பதில்லை என்பதால், விற்கும் நாளில் வண்டியின் மதிப்பைவிடக் கடன் பாக்கி அதிகமாக இருக்கும் சங்கடம் இப்படித்தான் வருகிறது.

எரிபொருளில் அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. மாதம் ஆயிரம் கிலோமீட்டருக்குள் ஓட்டுபவருக்கு பெட்ரோல் போதும். 2020 ஏப்ரலுக்குப் பிந்தைய பி.எஸ்.6 டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி இருக்கிறது. தினமும் நான்கைந்து கிலோமீட்டர் மட்டும் ஓட்டினால் அது அடைத்துக்கொள்ளும். பங்க்குகளில் இப்போது வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். 2023 ஏப்ரல் முதல் தயாரான கார்கள் அதைத் தாங்கும்படி வருகின்றன. அதற்கு முந்தைய காரை வாங்குபவர், உரிமையாளர் கையேட்டில் அந்த மாடலுக்கு எவ்வளவு எத்தனால் அனுமதி என்று பார்த்துக்கொள்ள வேண்டும். சொந்த வீடும் தனி பார்க்கிங்கும் இருந்து ஊருக்குள் மட்டும் ஓட்டுபவருக்கு சிறிய மின்சார கார் நல்ல முதல் கார்தான். கிளட்ச் இல்லை, ஏற்றத்தில் அணையாது. மிதித்த நொடியே பாயும் என்பதால் ஈகோ நிலையில் வைத்து ஓட்டத் தொடங்குவது நல்லது. பழைய மின்சார கார் என்றால் பேட்டரிக்கு எத்தனை ஆண்டு வாரன்ட்டி மிச்சமிருக்கிறது, அது இரண்டாவது உரிமையாளருக்கும் செல்லுமா என்பதை எழுத்தில் வாங்க வேண்டும்.

காரை விற்கும் நாளிலும் இரண்டு வேலைகள் இருக்கின்றன. பெயர் மாற்றம் முடிந்ததை விற்றவரே உறுதிசெய்துகொள்ள வேண்டும். வண்டி பல கை மாறியிருந்தாலும், பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018 பிப்ரவரியில் நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. புரோக்கரிடம் கையெழுத்திட்ட படிவங்களைக் கொடுத்துவிட்டு மறந்துபோனவர்களுக்கு, முன்பின் தெரியாத ஒருவர் செய்த விபத்துக்காக நோட்டீஸ் வருவது இதனால்தான். அடுத்தது நோ க்ளெய்ம் போனஸ். இழப்பீடு கேட்காமல் கழிந்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 20 சதவீதத்தில் தொடங்கி, ஐந்தாண்டில் 50 சதவீதம் வரை சொந்தச் சேதக் காப்பீட்டுக் கட்டணத்தில் தள்ளுபடி சேர்கிறது. இரண்டாயிரம் ரூபாய்க் கீறலுக்கு க்ளெய்ம் போடாமல் கைக்காசில் சரிசெய்வது லாபம் என்பது இதனால்தான். அந்தத் தள்ளுபடி காருக்குச் சொந்தமல்ல, உரிமையாளருக்குச் சொந்தம். விற்கும்போது காப்பீட்டு நிறுவனத்திடம் அதற்கான சான்றிதழைக் கேட்டு வாங்கிக்கொண்டால், இரண்டாவது காரின் பாலிசியில் அதே சதவீதத்திலிருந்து தொடரலாம்.